மலையில பாத்த நீல அகபாந்தஸ்: எந்த சப்ஸ்பீஷீஸ்?

வணக்கம்ங்க. தென்னாப்பிரிக்காவுல இருந்து லெசோத்தோ போற சானி பாஸ் மலைப்பாதை ஏறும்போது எடுத்த படமும் கீழ பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் புல்வெளியில எடுத்த படமும் ஏன் வேற மாதிரி இருக்கு, ரெண்டும் அகபாந்தஸ் கம்பானுலாட்டஸ்ன்ற நீலப்பூச் செடிதானான்னு கேட்டிருந்தீங்கல்ல, ஆமா ரெண்டும் அதேதான், ஆனா சப்ஸ்பீஷீஸ் (ஒரே இனத்துக்குள்ள வர்ற துணையினம்) வேறன்னு நினைக்கிறேன்.

கலரை நம்பாதீங்க, ஒரே சரிவுலயே வெளிர் நீலமும் கடும் நீலமும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். இதழ் எவ்வளவு விரியுதுன்றதுதான் முக்கியம். நல்லா மலர்ந்த பூவை பக்கவாட்டுல பாருங்க, இதழ் லேசா மட்டும் வெளிய சாஞ்சு மணி மாதிரியே இருந்தா அது கம்பானுலாட்டஸ் சப்ஸ்பீஷீஸ், நல்லா அகலமா விரிஞ்சிருந்தா பேட்டன்ஸ்ன்ற இன்னொரு சப்ஸ்பீஷீஸ். பேட்டன்ஸ் பொதுவா மெலிசா இருக்கும், உயரமான இடத்துல லெசோத்தோ, ஃப்ரீ ஸ்டேட் பக்கமும் வரும். பேட்டன்ஸை முன்னாடி தனி இனமாவே வச்சிருந்தாங்க, 1965லதான் லைட்டன்ன்ற தாவரவியலாளர் சப்ஸ்பீஷீஸா மாத்தினாங்க, அதனால குழப்பம் வர்றது சகஜம்தான்.

பாதி மலர்ந்ததையும் வாடினதையும் வச்சு முடிவு பண்ணவே கூடாது. அப்புறம் நம்ம டர்பன்ல ரோட்டோரம் நடுற பிரேகாக்ஸ்ன்ற வேற அகபாந்தஸ் இனம் வருஷம் முழுக்க பச்சையா இருக்கும், கம்பானுலாட்டஸுக்கு குளிர்காலத்துல இலை காஞ்சு போயிடும், லாட்ஜ் வாசல்ல பாத்தா அது நட்டு வச்ச பிரேகாக்ஸான்னும் யோசிங்க.

உங்க சானி படம் மேலருந்து எடுத்ததால விரிவு சரியா தெரியல. தயவுசெஞ்சு பறிக்காதீங்க, பக்கவாட்டுல ஒரு படம், எவ்வளவு உயரம்னு ஒரு குறிப்பு, ரெண்டும் போட்டா உறுதியா சொல்லிடலாம்.