எட்டு விநாடி, ஏழு வாரம்

கேள்வி: என் வயது 27. ஆறு வருடமாகத் தேசிய ஹாக்கி அணியில் முன்களத்தில் ஆடுகிறேன். சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் காலிறுதியில் ஷூட்-அவுட்டில் (ஆட்டம் சமனானால் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்த்து எட்டு விநாடிக்குள் கோல் போடுவது) தோற்றோம். நாலாவது வாய்ப்பு என்னுடையது. பந்து கோல்கீப்பரின் பேடில் பட்டு வெளியே போய்விட்டது. ஏழு வாரம் ஆகிறது, கிட் பேகை இன்னும் திறக்கவில்லை. காலை ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வருகிறது, எழுந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலையில் திரும்பச் சேர்ந்துவிட்டேன். அங்கே எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை. மூன்று வாரத்தில் அடுத்த கேம்ப். ஓய்வு அறிவித்துவிடலாம் என்று அறிக்கைகூட எழுதி ஃபோனில் வைத்திருக்கிறேன். ஒரு வெளிநாட்டு கிளப் கூப்பிடுகிறது, மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அந்த அறிக்கையை அனுப்பாதீர்கள். அழிக்கவும் வேண்டாம், ஃபோனிலேயே கிடக்கட்டும். ஓய்வு பெறக் கூடாது என்று சொல்ல நான் யார்? 27 வயதில் போதும் என்று தோன்றினால் அது உங்கள் உரிமை. ஆனால் இப்போது அனுப்பினால் உங்கள் களைப்புதான் கையெழுத்துப் போடும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஐந்தரை மணிதான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், கடைசி இரண்டு வருடமாக உங்கள் ஒரு நாளையாவது நீங்களே நடத்தியிருக்கிறீர்களா? எழுந்ததும் எடை பார்க்க வேண்டும், சிறுநீரின் நிறம் பார்த்து எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும், எப்படித் தூங்கினாய் என்று ஃபோன் கேட்டால் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும், அப்புறம் ஓட்டத்தை அளக்கும் ஜிபிஎஸ் பனியன், டர்ஃப் என்கிற செயற்கைப் புல் மைதானம், வீடியோ மீட்டிங், ஐஸ் தொட்டி, ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்பதுவரை வேறொருவர் எழுதிய அட்டவணை. காலிறுதி முடிந்த ராத்திரியோடு அந்த அட்டவணை நின்றுவிட்டது, உடம்புக்கு யாரும் சொல்லவில்லை, அது பாட்டுக்கு ஐந்தரைக்கு எழுந்து வந்து நிற்கிறது.

சொந்த நாட்டுப் போட்டி என்றால் இது இரட்டிப்பு. வெளியூரிலிருந்து வந்து தோற்றவன் மறுநாள் விமானம் ஏறிவிடுவான், இறங்கும் இடத்தில் பாதிப் பேருக்குப் போட்டி நடந்ததே தெரியாது. உங்களுக்கு அந்தத் தூரம் கிடைக்கவில்லை. உங்கள் முகம் போட்ட விளம்பரப் பலகைக்குக் கீழேயே நீங்கள் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது (அதையெல்லாம் கழற்ற யாருக்கும் அவசரமே இருக்காது). நீங்கள் டிக்கெட் வாங்கித் தந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த நாலாவது வாய்ப்பை நேரில் பார்த்தவர்கள்.

தோற்றதால்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். பெரிய போட்டிக்குப் பின்னால் வரும் இந்த வெறுமையைப் பற்றி, குறிப்பாக ஒலிம்பிக் முடிந்து வருவதைப் பற்றி, விளையாட்டு உளவியல்காரர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். பதக்கம் வாங்கியவர்களையும் அது விடுவதில்லை. நீச்சலில் பதக்கங்களாக அள்ளிய மைக்கேல் ஃபெல்ப்ஸே ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் மனச்சோர்வில் விழுந்ததை வெளிப்படையாகச் சொன்னவர்.

உங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது மேடி ஹின்ச் கதை. ஷூட்-அவுட்டில் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவர், கோல்கீப்பர். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக ஷூட்-அவுட்டில் ஒரு கோல்கூட விடாமல் பிரிட்டனுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். இரண்டு வருடம் கழித்து, 2018-ல், உலகக் கோப்பை அவர்கள் மண்ணிலேயே, லண்டனில் நடந்தது. காலிறுதியில் அதே நெதர்லாந்திடம் இங்கிலாந்து 2-0 என்று தோற்றது. அதன் பிறகு அவர் சர்வதேச ஹாக்கியிலிருந்து கொஞ்ச காலம் விலகி நிற்பதாக அறிவித்தார். கவனியுங்கள், விலகி நிற்பதாகத்தான், ஓய்வு என்று சொல்லவில்லை. நெதர்லாந்தில் ஒரு கிளப்புக்கு ஆடப் போனார், 2019-ல் திரும்பி வந்தார், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார், ஓய்வை 2023-ல்தான் அறிவித்தார்.

இன்னொன்று, இந்திய ஆண்கள் அணி. 2023 ஜனவரி 22, புவனேஸ்வர், சொந்த மண்ணில் உலகக் கோப்பை. நியூசிலாந்துக்கு எதிராக 2-0, 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு 3-3 ஆக்கிக்கொண்டு, ஷூட்-அவுட்டில், அதுவும் முதலில் தவறுபவர் தோற்கும் சடன் டெத்தில், 5-4 என்று தோற்றார்கள். காலிறுதிகூட இல்லை. அதோடு வீட்டுக்குப் போகலாமா என்றால் அதுவும் முடியாது, ரூர்கேலாவுக்குப் போய் ஒன்பதாம் இடத்துக்காக இன்னும் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். எனக்கு அந்த இரண்டு ஆட்டங்கள்தான் மனதில் நிற்கின்றன, ஜப்பானை 8-0 என்று அடித்தார்கள், தென்னாப்பிரிக்காவை 5-2, அதனால் யாருக்கு என்ன லாபம்? கோச் கிரஹாம் ரீட் ராஜினாமா செய்தார். கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்கின் பெனால்டி கார்னர் ஏன் உள்ளே போகவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சரி, அப்புறம்? உலகக் கோப்பையில் தோற்று ஏழு வாரம் ஆவதற்குள், மார்ச் 10-ம் தேதி, அதே ரூர்கேலா டர்ஃபில், புரோ லீக் என்ற சர்வதேசத் தொடரில், உலகச் சாம்பியன் ஜெர்மனியை 3-2 என்று வென்றார்கள். அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹர்மன்பிரீத் மூன்று கோல் போட்டார். அந்த வருடமே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம், அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், அங்கே அவர் மட்டும் 10 கோல்.

உங்களுக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, நடக்காமலும் போகலாம். எல்லோரும் திரும்பி வருவதில்லை, வராதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதும் இல்லை. ஏழாவது வாரத்தில் ஒருவன் இருக்கும் நிலையை வைத்து அவன் ஆட்டம் முடிந்துவிட்டதா இல்லையா என்று கணிக்க முடியாது என்பதற்காகத்தான் சொன்னேன்.

இப்போது ஒரு நடைமுறை விஷயம், இதை உங்களிடம் யாராவது சொன்னார்களா தெரியவில்லை. ஊக்கமருந்து சோதனைக்கான பதிவுப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், முறையாக ஓய்வை அறிவித்துவிட்டு மனம் மாறி நாளைக்கே திரும்ப முடியாது. ஆறு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவித்து, அந்த ஆறு மாதமும் சோதனைக்குக் கிடைக்க வேண்டும், அதன் பிறகுதான் போட்டி. அதேபோல, ஓய்வு சொல்லாதவரை, தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பீர்கள் என்ற விவரத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று தடவை தவறினால் மருந்தே தொடாதவனுக்கும் தடை வரும். கிட் பேகைத் திறக்காத ஆள் அந்தப் படிவத்தைத் திறந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். இன்றைக்கே பாருங்கள்.

பேகையும் திறங்கள். இதில் தத்துவம் எதுவும் இல்லை, ஏழு வாரம் மூடிய பைக்குள் நனைந்த இடது கையுறையும் ஷின்கார்டும் கிடந்தால் என்ன வாசனை வரும் என்று உங்களுக்கே தெரியும். கையுறையைத் துவைத்துப் பார்க்க வேண்டாம், அது போய்விட்டது.

அப்புறம் உடம்பு. போட்டி நேரத்தில் பிசியோவிடம் சொல்லாமல் மறைத்த வலி ஒன்றாவது இருக்கும், முன்களக்காரர்களுக்குப் பெரும்பாலும் தொடையின் பின்தசை, இல்லையென்றால் குனிந்து குனிந்து போன இடுப்பு. இப்போது சொல்லுங்கள், அணியில் இடம் போய்விடும் என்ற பயம் இந்த வாரம் இல்லையே. ஓட வேண்டாம். ஐந்தரைக்கு விழிப்பு வந்தால் எழுந்து நடங்கள், நீந்துங்கள், மட்டை தேவையே இல்லாத ஏதாவது ஒன்று, ஆனால் தினமும் ஒரே நேரத்தில். உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு அட்டவணை, அது இந்த முறை உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.

அந்த எட்டு விநாடி வீடியோவை ராத்திரியில் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தில் எழுதவில்லை, ஆனாலும். அதை நிறுத்திவிட்டு, அணியின் கோல்கீப்பரையோ வீடியோ அனலிஸ்டையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு தடவை பாருங்கள். பந்தை வலப்பக்கம் இழுத்தது தாமதமா, கீப்பர் முன்கூட்டியே இறங்கி வந்தாரா, இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். அவர்கள் அதை ஒரு ஆட்டமாகத்தான் பார்ப்பார்கள், நீங்கள் பார்ப்பதுபோல் ஒரு குற்றமாக இல்லை.

வேலையிடத்து அன்பு இருக்கிறதே, அது பெரிய தொல்லைதான். ஒரு வரி தயாராக வைத்துக்கொள்ளுங்கள், "அதைப் பற்றிப் பேச இன்னும் மனசு வரவில்லை, வேறு ஏதாவது சொல்லுங்கள்" என்று. ஒரு தடவை சொன்னால் போதும், அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போயிருந்தால், எதுவுமே பிடிக்கவில்லை என்றால், அணியின் டாக்டரிடமோ வெளியே ஒரு மனநல மருத்துவரிடமோ போங்கள். இருந்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு நிமிடம் தோன்றினால்கூட அன்றைக்கே போங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு.

கேம்ப் விஷயத்தில் கோச்சை நேரில் போய்ப் பாருங்கள், மெசேஜ் வேண்டாம். "இந்த ஒரு கேம்புக்கு வரவில்லை, அடுத்ததற்குள் சொல்கிறேன்" என்றால் பெரும்பாலான கோச்சுகள் ஒத்துக்கொள்வார்கள், பெரிய போட்டி முடிந்த கையோடு அவர்களுக்கும் புது ஆட்களைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் ஒரு 20 வயதுக்காரன் வந்து நன்றாக ஆடிவிடலாம். அந்த ஆபத்து உண்டு, அதையும் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும்.

கிளப்? எனக்கென்னவோ போகலாம் என்றுதான் படுகிறது. அங்கே அந்த ஷூட்-அவுட்டைப் பற்றி யாருக்கும் பெரிதாக அக்கறை இருக்காது, சனி ஞாயிறு ஆட்டம், நடுவில் சாதாரண நாட்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் இரண்டைப் பாருங்கள்: தேசிய அணி கூப்பிட்டால் விடுவார்களா, அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது. வேலையில் சம்பளமில்லாத விடுப்பு கிடைக்குமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி என்றால் அவகாசம் குறைவு, இன்றைக்கே அவர்களுக்கு ஒரு வரி எழுதி இன்னும் பதினைந்து நாள் கேளுங்கள்.