காருக்குச் சப்-ஊஃபர் பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 12 அங்குல சப்-ஊஃபர் வாங்கினேன். கடையில் கொடுத்த ரெடிமேட் பெட்டியின் உள்ளளவைக் கணக்கிட்டால் 17 லிட்டர் வருகிறது. மூடிய பெட்டி. 'டம் டம்' என்று அடிக்கிறதே தவிர ஆழமான பாஸ் இல்லை. ஸ்பீக்கரோடு வந்த தாளில் எஃப்.எஸ். 28 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 60 லிட்டர் என்று இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்ற வேண்டுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: ஆம்ப்பைத் தொடாதீர்கள். பெட்டிதான் சிறியது. 17 லிட்டர் என்பது வெறும் பெட்டிக்கு. ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் (அதைத் தாங்கும் சட்டம்) உள்ளே ஏறத்தாழ இரண்டரை லிட்டரை அடைத்துக்கொள்ளும், ஆக மிஞ்சுவது 14.5 லிட்டர்.

இனி தாளில் உள்ள எண்களுக்கு வருவோம். எஃப்.எஸ். என்பது பெட்டி இல்லாத ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் அதிர்வெண்; கியூ.டி.எஸ். அந்த அதிர்வு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்ற எண்; வி.ஏ.எஸ். ஸ்பீக்கரின் மீள்தன்மைக்குச் சமமான மீள்தன்மை உள்ள காற்றின் அளவு. வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் நிகரக் கொள்ளளவால் (மிஞ்சிய அந்த 14.5) வகுத்து, 1 கூட்டி, அதற்கு வர்க்கமூலம் எடுங்கள். உங்கள் பெட்டிக்கு அது 2.27. இதைக் கியூ.டி.எஸ்.ஸால் பெருக்கினால் 1.02. ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்த பிறகு கிடைக்கும் கியூ இதுதான். அதே 2.27-ஐ எஃப்.எஸ்.ஸால் பெருக்கினால் ஒத்ததிர்வு 63 ஹெர்ட்ஸ். 28-ல் இருந்த ஸ்பீக்கரை உள்ளே இருக்கும் காற்றே சுருள்வில்லாக இறுக்கி 63-க்கு ஏற்றிவிட்டது. 0.707 என்றால் சமதளமான பாஸ். 1-ஐத் தாண்டினால் 80, 90 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழும்பி, அதற்குக் கீழே சரசரவென இறங்கும். நீங்கள் கேட்கும் 'டம் டம்' அந்த மேடுதான்.

இந்த ஸ்பீக்கருக்கு 0.707 வேண்டுமானால் நிகரம் 41 லிட்டர் ஆகும். ஆனால் காருக்குள் அவ்வளவு தேவையில்லை. ஜன்னல் மூடிய சிறிய காரில் சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேபினே பாஸைத் தூக்கிக் கொடுக்கும். 29 லிட்டர் போதும். கியூ 0.79, ஒத்ததிர்வு 49 ஹெர்ட்ஸ். உங்கள் பழைய பெட்டியோடு ஒப்பிட்டால் 35 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3 டெசிபல் கூடும். அதே 3 டெசிபலை ஆம்ப்பில் தேடினால் வாட்ஸை இரட்டிப்பாக்க வேண்டும்.

வெட்டும் அளவு இதோ. 18 மி.மீ. பலகை, வெளியளவு 48 × 36 × 28 செ.மீ. முகப்புக்கும் பின்பக்கத்துக்கும் 48 × 36-ல் மூன்று துண்டு; முகப்பில் இரண்டை ஒட்டி 36 மி.மீ. தடிமன் ஆக்கிவிடுங்கள். மேல், கீழ் இரண்டும் 48 × 22.6. பக்கவாட்டுத் துண்டு இரண்டும் 32.4 × 22.6. உள்ளே 32.5 லிட்டர் வரும். ஸ்பீக்கருக்கு இரண்டரை, குறுக்குக் கட்டைக்கு முக்கால் லிட்டர் போக 29. மொத்தம் பத்துச் சதுர அடிக்குள் அடங்கும் என்பதால் 4 × 4 அடி பாதி ஷீட் தாராளம். பலகைக் கடையிலேயே பேனல் ரம்பத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மி.மீ. தின்னும், அதைச் சேர்த்து வரையுங்கள். கைரம்பத்தில் அறுத்த விளிம்பில் இருக்கும் ஒரு மி.மீ. கோணல், பிறகு எவ்வளவு பசை ஊற்றினாலும் அடையாது.

ஸ்பீக்கர் துளையை வெட்டுவதற்கு முன் தாளில் உள்ள கட்-அவுட் விட்டத்தைப் பாருங்கள். 12 அங்குலம் என்பது வெளிவிளிம்பின் பெயர்தான்; அந்த அளவுக்கே வெட்டினால் ஸ்பீக்கர் நேராக உள்ளே விழும். கடைசியாக ஒன்று: ஹேட்ச்பேக்கில் ஸ்டெப்னி பெட்டிக்கு அடியில் இருக்கும். நடுச்சாலையில் பஞ்சர் ஆனால் பெட்டியைக் கையால் தூக்கி வைக்க முடிய வேண்டும். ஒயரைக் கழற்றி மாட்டும் கனெக்டராகவே போடுங்கள்.

கேள்வி: பெட்டிக்கு எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) நல்லதா, பிளைவுட் நல்லதா? கடற்கரை ஊர், ஈரம் அதிகம். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஒலிக்கு எம்.டி.எஃப். சிறந்தது. சீரான அடர்த்தி, உள்ளே வெற்றிடம் கிடையாது. 8 × 4 ஷீட் 18 மி.மீ.யில் 38 கிலோ அளவுக்குக் கனம், அது இங்கே நல்லதுதான். ஈரம்தான் அதன் எதிரி. விளிம்பு தண்ணீர் குடித்தால் பூரி மாதிரி உப்பும், திரும்பாது. உங்கள் ஊருக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்கலாம், விலை கூடுதல். ஐ.எஸ். 303 எம்.ஆர். (ஈரத்தை ஓரளவே தாங்கும்) கமர்ஷியல் பிளை வேண்டாம்: மலிவானதில் நடு அடுக்குகளில் இடைவெளி இருக்கும், பாஸ் அடிக்கும்போது அந்தப் பொந்து வழியாகக் காற்று சீட்டியடிக்கும். பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீர்கள். அதில் ஸ்க்ரூ பிடிப்பு ஆறு மாதத்துக்குத் தாங்கினால் அதிசயம். எம்.டி.எஃப். அறுக்கும்போது மாஸ்க் கட்டாயம். அந்தத் தூளில் ஃபார்மால்டிஹைடு பசை கலந்திருக்கிறது.

கேள்வி: பெட்டி செய்து மாட்டியாயிற்று. குறிப்பிட்ட பாட்டுகளில் மட்டும் 'புஸ்' என்று ஒரு சத்தம். எங்கே தேடுவது? (வாசகர், மதுரை)

பதில்: காற்றுக் கசிவு. முதலில் ஸ்பீக்கரின் கோனை (முன்னும் பின்னும் அதிரும் கூம்பு) இரண்டு கைகளாலும் ஒரே சீராக மெல்ல அழுத்தி விடுங்கள். நல்ல பெட்டியில் அது தயங்கித் திரும்பும். சட்டென்று துள்ளி வந்தால் கசிகிறது. பிறகு போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டுகளின் ஓரமாக நகர்த்துங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. பெரும்பாலும் அது மூட்டில் இருக்காது. ஒயர் டெர்மினல் கிண்ணத்தின் பின்புறமோ, ஸ்பீக்கர் விளிம்புக்கு அடியில் கேஸ்கெட் போடாத இடமோதான் கசியும். நுரை டேப் ஒரு சுற்று ஒட்டினால் போதும்.

மூட்டிலேயே கசிந்தால் காரணம் ஸ்க்ரூ. எம்.டி.எஃப். விளிம்பில் துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பலகை அடுக்கடுக்காகப் பிளக்கும். 40 மி.மீ. கறுப்பு ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளை போட்டு, 12 செ.மீ.க்கு ஒன்று வீதம் முடுக்குங்கள். ஸ்க்ரூ வேலை பசை காயும்வரை பிடித்துக்கொள்வது மட்டுமே, உண்மையில் தாங்குவது வெள்ளைப் பசைதான். ஃபெவிகால் எஸ்.எச். போன்றதை இரண்டு முகத்திலும் தடவி, ஓரத்தில் மணிமணியாகப் பிதுங்கும்படி இறுக்கி, ஒரு நாள் விடுங்கள். பிதுங்கவில்லை என்றால் பசை போதவில்லை. காய்ந்ததும் உள்மூலைகளில் சிலிக்கான் ஓட்டலாம். ஆனால் வினிகர் வாடை அடிக்கும் வகையைப் பூசிய அன்றே ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். அந்த ஆவி செம்பை அரிக்கும், கோனைச் சுற்றியுள்ள பசையையும் பதம் பார்க்கும். வாடை முழுதும் போகட்டும்.

கேள்வி: நிகரம் 50 லிட்டர் வென்ட் பெட்டி (காற்று போய்வரக் குழாய் வைத்தது), 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய வேண்டும். வீட்டில் 110 மி.மீ. பி.வி.சி. பைப் மிச்சம் கிடக்கிறது. எவ்வளவு நீளம் வெட்டுவது? (வாசகர், ஈரோடு)

பதில்: 110 வெளிவிட்டம். கணக்குக்கு உள்விட்டம் வேண்டும், ஸ்கேல் வைத்து அளங்கள், 10.4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் வர்க்கத்தை 23562.5-ஆல் பெருக்கி, ஹெர்ட்ஸின் வர்க்கத்தாலும் லிட்டராலும் வகுங்கள்: 41.6 வரும். அதிலிருந்து விட்டத்தின் 0.732 பங்கை, அதாவது 7.6-ஐக் கழித்தால் 34 செ.மீ. பைப்பின் உள்முனைக்கும் எதிர்ப்பலகைக்கும் இடையே ஒரு விட்டமாவது இடைவெளி விடுங்கள். இடம் இல்லையென்றால் எல்போ போடலாம், நீளத்தை நடுக்கோட்டில் அளக்க வேண்டும். இந்தப் பைப் மூன்று லிட்டருக்கு மேல் அடைக்கும், ஸ்பீக்கர் இரண்டரை. ஆகவே பெட்டியின் மொத்த உள்ளளவு 56 லிட்டர்.

ஒரு பைப்பின் வாய் 85 சதுர செ.மீ. சுமார் 250 வாட்ஸ் வரை ஒப்பேறும். 500 வாட்ஸ் கொடுத்தால் காற்று சீறும் சத்தம் பாட்டை மீறிக் கேட்கும். இரண்டு பைப் போட்டால் சரியாகுமே என்று தோன்றும். ஆனால் அதே 35 ஹெர்ட்ஸுக்கு ஒவ்வொன்றும் 76 செ.மீ. ஆக வேண்டும், பெட்டிக்குள் அடங்காது. பெரிய வாட்ஸுக்குப் பலகையிலேயே மடித்துச் செல்லும் சந்து வென்ட் செய்வது இதனால்தான்.

வென்ட் பெட்டியில் 35-க்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது. ஆம்ப்பில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) இருந்தால் 28 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். அது இல்லாத ஆம்ப் என்றால், மூடிய பெட்டியே உங்களுக்கு நல்லது.

கேள்வி: கார்பெட் ஒட்டிய பெட்டி, ஒரே வெயில் காலத்தில் ஓரமெல்லாம் பிரிந்து தொங்குகிறது. (வாசகர், வேலூர்)

பதில்: வேலூர் வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டிக்கி மலிவு ஸ்ப்ரே பசைக்கு ஆகாது. ரப்பர் வகை கான்டாக்ட் பசை, எஸ்.ஆர். 998 மாதிரியானது, வாங்குங்கள். பலகையிலும் கார்பெட்டின் முதுகிலும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம், காத்திருந்து ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் கரைப்பான் உள்ளேயே சிக்கி, வெயிலில் கொப்புளமாகக் கிளம்பும். இணைப்பு பின்பக்கமோ அடியிலோ வரட்டும்: இரண்டு துணியையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, நடுவில் ஒரே வெட்டாகப் பிளேடு போட்டு, இரண்டு மிச்சத்தையும் உருவிவிட்டால் கோடே தெரியாது. கூர்மூலையை முன்பே உப்புத்தாளால் உருட்டியிருக்க வேண்டும். இல்லையெனில் அங்கே துணி தேய்ந்து பலகை எட்டிப் பார்க்கும்.

கேள்வி: கார்பெட் வேண்டாம், பியானோ பிளாக் பெயின்ட் ஆசை. அடித்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று மாதத்தில் மூட்டுக் கோடுகள் மேலே தெரிகின்றன. (வாசகர், சென்னை)

பதில்: பெயின்டர் மேல் தப்பில்லை. எம்.டி.எஃப்.பின் முகம் ஒரு மாதிரியும், அறுத்த விளிம்பு வேறு மாதிரியும் ஈரத்தை இழுக்கும். இரண்டும் சந்திக்கும் கோடு நாளடைவில் எழும்பும். பளபளப்புக் கறுப்பு அதை மறைக்காது, விளம்பரம் செய்யும். பெட்டியை ஒட்டியதும் ஒரு வாரமாவது சும்மா விடுங்கள். பிறகு மூட்டுகளின் மேல் மெல்லிய கிளாஸ் மேட்டை எபாக்ஸியில் ஒட்டி, அதன்மேல் பாடி பட்டி. பட்டிக்கு ஹார்டனர் எடையில் 2 சதவீதம்; சீக்கிரம் காயட்டும் என்று கூட்டினால் மேலே அடிக்கும் நிறத்தில் கறை ஊறும். சாண்டிங் சீலர் இரண்டு கோட், 220, 320 உப்புத்தாள், பிரைமர். பிரைமர் முழுதாக மூடும்வரை தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள். இவ்வளவு பொறுமை இல்லையென்றால் சொரசொரப்பான மேட் கறுப்பு அடியுங்கள், பாதிக் குற்றம் மறைந்துவிடும்.

கேள்வி: டிக்கியின் பக்கவாட்டுக் குழியில் ஃபைபர் பெட்டி செய்யலாமா? (வாசகர், சேலம்)

பதில்: செய்யலாம். குழி முழுதும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, மெழுகு பூசி, 450 கிராம் மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும் போடுங்கள். ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. காருக்குள் இரண்டு அடுக்கு போட்டு, காய்ந்ததும் வெளியே உருவி, மொத்தம் ஆறு வரை ஏற்றலாம். கொள்ளளவு அளக்கப் பொரி கொட்டி வாளிக்கணக்கில் எண்ணினால் போதும். ரெசின் வாங்கும்போது கோபால்ட் (ரெசின் இறுகுவதைத் தூண்டும் திரவம்) கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். தனியாகக் கொடுத்தால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்டனர். கோபால்ட்டும் ஹார்டனரும் நேராகக் கலந்தால் வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே கிண்ணம், ஒரே குச்சி வேண்டாம்.

கேள்வி: இரட்டைக் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள் இரண்டு) உள்ள சப்-ஊஃபர், ஒவ்வொன்றும் 4 ஓம். இணைத்த பிறகு சத்தமே எழவில்லை. (வாசகர், கரூர்)

பதில்: ஒரு காயிலில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது, ஒன்று தள்ள, மற்றது இழுக்கிறது. உடனே நிறுத்துங்கள், காயில் சூடாகும். இணைப்பைப் பிரித்து, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒவ்வொரு காயிலிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸுக்குப் பிளஸ் வைத்தால் கோன் இரண்டிலும் வெளியே வர வேண்டும். சேர்த்து பேரலலில் இணைத்தால் 2 ஓம், சீரிஸில் 8. ஆம்ப் 2 ஓம் தாங்குமா என்று அதன் முதுகில் எழுதியிருக்கும்.