கலவைத் தொட்டியின் கொள்ளளவு இரட்டித்தால் விலை இரட்டிப்பதில்லை. கைவினைக் கண்ணாடி மணிகளை நூறாக வாங்கினாலும் விலை குறைவதில்லை. இது ஏன்? இவற்றை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் திரவ சோப்பு தயாரிப்பதற்காக ஒரு கலவைத் தொட்டி வாங்கவிருக்கிறார்; கூடவே, அணிகலன் விற்பனைக்காகச் சுடரில் செய்யப்படும் கண்ணாடி மணிகளுக்கும் விலை விசாரித்திருக்கிறார். 1000 லிட்டர் தொட்டிக்கு 500 லிட்டர் தொட்டியைப் போல ஒன்றரை மடங்கு விலைதான் சொல்லியிருக்கிறார்கள். நூறு மணிகளுக்கோ ஒரு மணியின் விலையைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. கலவை இயந்திரங்களை வடிவமைப்பது என் தொழில். விடுமுறை நாள்களில் வாயுச் சுடர் டார்ச்சின் முன் அமர்ந்து மணி செய்வது என் பழக்கம். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்: இரண்டு விற்பனையாளர்களுமே உங்களை ஏமாற்றவில்லை.

தொட்டியில் நீங்கள் காசு கொடுப்பது லிட்டருக்கு அல்ல, தகட்டுக்கும் வெல்டிங்குக்கும்தான். வடிவத்தை மாற்றாமல் கொள்ளளவை இரட்டித்தால் தகட்டின் பரப்பு ஏறக்குறைய 1.6 மடங்குதான் ஆகும். வால்வு, மேன்ஹோல், மின் கட்டுப்பாட்டுப் பெட்டி, வரைபடம் தயாரிக்கும் நேரம் ஆகியவை அந்த அளவுக்குக்கூட உயர்வதில்லை. வேதிப் பொறியியலில் இதற்கென்று ஒரு தோராய விதி உண்டு: கொள்ளளவுகளின் விகிதத்தை 0.6 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் விலைகளின் விகிதம் கிடைக்கும். இரட்டிப்புக்கு அது 1.52 என்று வருகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஒன்றரை மடங்கு அதற்கு வெகு அருகில் இருக்கிறது.

‘அப்படியானால் பெரியதையே வாங்கிவிடலாமே’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 1000 லிட்டர் தொட்டியில் 300 லிட்டர் மட்டும் ஊற்றி ஓட்டினால், மேல் இறக்கை திரவத்துக்கு வெளியே சுழலும்; அல்லது திரவப் பரப்பிலேயே அடித்துக் காற்றை உள்ளே இழுக்கும். சோப்பில் காற்று புகுந்தால் அது நுரையாகவும், பாட்டிலில் அளவு தவறும் நிரப்பலாகவும் வந்து நிற்கும். தொட்டியின் மொத்தக் கொள்ளளவில் 70 முதல் 80 விழுக்காடு வரைதான் வேலைக் கொள்ளளவு என்று கொண்டு, உங்கள் வழக்கமான ஒரு ஈட்டின் அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சரி. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடும் என்று நினைக்கும் வியாபாரத்துக்காக இன்று தொட்டி வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

விலைப்புள்ளியில் உண்மையாகவே கவனித்துப் படிக்க வேண்டிய வரி தொட்டியைப் பற்றியது அல்ல, அஜிடேட்டரை, அதாவது மோட்டாரும் தண்டும் இறக்கையும் சேர்ந்த கலக்கும் அமைப்பைப் பற்றியது. நீர் போன்ற மெல்லிய திரவத்தில், கலக்கத் தேவைப்படும் மின்திறன் சுழல்வேகத்தின் மும்மடிக்கும் இறக்கை விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கும் ஏற்ப உயர்கிறது. அதாவது, அதே இறக்கையை இருமடங்கு வேகத்தில் சுற்ற 8 மடங்கு திறனும், அதே வேகத்தில் இருமடங்கு விட்டமுள்ள இறக்கையைச் சுற்ற 32 மடங்கு திறனும் வேண்டும். எனவே ‘கொஞ்சம் வேகமாக ஓடும்படி செய்து கொடுங்கள்’ என்று கேட்பது சிறிய வேண்டுகோள் அல்ல. மோட்டார், கியர்பாக்ஸ், தண்டு, தாங்கிகள் எல்லாமே அதனுடன் மாறும்.

இறக்கையின் வகையைத் தீர்மானிப்பது திரவத்தின் பாகுத்தன்மை. நிமிடத்துக்கு 90 சுற்று வேகத்தில் சுழலும் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள இறக்கையை எடுத்துக்கொள்வோம். ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண், நீரில் அதற்கு ஏறக்குறைய 2,40,000. அங்கே கொந்தளிப்பு தானாகவே கலக்கிக் கொடுக்கும். அதே இறக்கை 3000 சென்டிபாய்ஸ் பாகுத்தன்மையுள்ள சோப்பில் சுற்றும்போது அந்த எண் 80க்கு இறங்கிவிடுகிறது. 10,000க்கு மேல் இருந்தால்தான் முழுக் கொந்தளிப்பு என்று கொள்வது வழக்கம். 80இல் இறக்கையைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் நகரும். சுவரோரம் இருப்பது அசையாமல் கிடக்கும். ஆகவேதான் கெட்டியான பொருள்களுக்குச் சுவரை ஒட்டிச் சுற்றும் நங்கூர வடிவ இறக்கையைப் பயன்படுத்துகிறோம். மெல்லிய திரவத்துக்குத் தொட்டி விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள சாய்தகட்டு இறக்கையும், சுவரில் தொட்டி விட்டத்தின் பத்தில் ஒன்று முதல் பன்னிரண்டில் ஒன்று வரை அகலமுள்ள நான்கு தடுப்புத் தகடுகளும் போதும். தடுப்புத் தகடு இல்லாவிட்டால் திரவம் முழுவதும் ஒரே வட்டமாகச் சுழலுமே தவிர, மேலும் கீழும் கலக்காது.

திரவ சோப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. விலைப்புள்ளி கேட்போர் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எஸ்.எல்.இ.எஸ். எனப்படும், அழுக்கை நீக்கி நுரை தரும் மூலப்பொருள் 70 விழுக்காட்டுப் பசையாக வருகிறது. அதில் நீர் சேர்க்கச் சேர்க்க இளகிக்கொண்டே போகும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் இடைப்பட்ட செறிவுகளில் அது முதலில் இருந்ததைவிடக் கெட்டியான கூழாக இறுகி, அதற்குப் பிறகே இளகுகிறது. பசையை நீரில் சிறிது சிறிதாகச் சேர்த்தாலும், ஒவ்வொரு கட்டியின் மேற்பரப்பிலும் அந்த இறுகிய படலம் உண்டாகத்தான் செய்யும். எனவே தொட்டி செய்பவரிடம் கடைசியில் கிடைக்கும் சோப்பின் பாகுத்தன்மையை மட்டும் சொல்லாமல், எந்தப் பொருளை எந்த வரிசையில், எந்த வெப்பநிலையில் சேர்க்கிறீர்கள் என்பதையும், நடுவில் அது எவ்வளவு கெட்டிப்படுகிறது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். மோட்டாரையும் கியர்பாக்ஸையும் அந்த உச்சத்துக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியான வி.எஃப்.டி. பொருத்தினால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், நல்ல வசதிதான். ஆனால் சாதாரண மோட்டாரின் குளிர்விப்பு விசிறி அதே தண்டில் சுற்றுவதால், குறைந்த வேகத்தில் அதிகச் சுமையோடு நெடுநேரம் ஓட்டினால் மோட்டார் சூடேறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 304 வகை துருப்பிடிக்காத எஃகில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. 316இல் கூடுதலாக 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்கிறது. 316எல் என்பதில் கரிமம் 0.03 விழுக்காட்டுக்கு மிகாது என்பதால் வெல்டிங் ஓரங்களில் அரிப்பு குறைவு. சோப்பைக் கெட்டிப்படுத்த நீங்கள் சாதாரண உப்பைத்தான் சேர்ப்பீர்கள். குளோரைடு இந்த எஃகில் குழி அரிப்பை உண்டாக்கும். கரையாத உப்புப் பரல்கள் அடியில் தங்கும் இடத்தில்தான் அது முதலில் தொடங்கும். ஆகவே 316எல் கேளுங்கள். உப்பையும் முன்பே கரைசலாக்கிச் சேருங்கள். வெளுப்புத் திரவமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ செய்ய எண்ணினால் 304, 316 இரண்டுமே உதவாது. பாலிஎத்திலீன் அல்லது இழைக் கண்ணாடித் தொட்டிதான் வேண்டும்.

மருந்துத் தொழிலில் இன்னொரு தீர்வு உண்டு: எஃகின் உட்புறம் கண்ணாடி பூசி, 800 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டெடுத்த தொட்டி. குளிரும்போது எஃகு அதிகமாகச் சுருங்குவதால் கண்ணாடிப் படலம் அமுக்கத்தில் நிற்கிறது. அதுதான் அதன் வலிமை. ஆனால் அதன் வெளிச்சுவரில் பிறகு ஒரு சிறு கொக்கியைக்கூட வெல்டிங் செய்ய முடியாது. உள்ளே ஒரு ஸ்பேனர் தவறி விழுந்தாலும் போதும், படலம் தெறித்துவிடும். மணி செய்பவனுக்கும் நாள்தோறும் இதே சுருக்கக் கணக்குதான். கீழே அதற்கு வருகிறேன்.

நீராவி ஜாக்கெட் (சூடேற்ற நீராவி செல்லும் வெளிச்சுவர் உறை) வேண்டுமானால் ஒன்றை மறக்க வேண்டாம். எல்லா அளவுகளையும் இரட்டித்தால் கொள்ளளவு 8 மடங்கும் சூடேற்றும் பரப்பு 4 மடங்கும் ஆகும். எனவே சிறிய தொட்டியில் ஒரு மணி நேரத்தில் சூடான சரக்கு பெரிய தொட்டியில் இரண்டு மணி நேரம் எடுக்கும். லிட்டருக்கு மலிவாகக் கிடைத்த பெரிய தொட்டியின் இந்தச் செலவு விலைப்புள்ளியில் இருக்காது.

தொட்டியை ஏற்கும் முன் தயாரிப்பாளர் நீர் நிரப்பி ஓட்டிக் காட்டுவார். கசிவு, அதிர்வு, சத்தம் ஆகியவற்றைப் பார்க்க அது போதும். கலக்கும் திறனைப் பார்க்கப் போதாது. அந்த ரெனால்ட்ஸ் எண்களே இதற்குக் காரணம். முடிந்தால் உங்கள் சரக்கையே ஒரு ஈடு எடுத்துப்போய் ஓட்டிப் பாருங்கள். வால்வைத் திறந்து வடித்தபின் அடியில் எவ்வளவு தங்குகிறது என்று குனிந்து பாருங்கள்; அடிப்பகுதியோடு ஒட்டிப் பொருந்தாமல் குழாயின் நுனியில் தொங்கும் வால்வானால், அந்தக் குழாயில் கலக்காத சரக்கு ஒவ்வொரு ஈட்டிலும் நிற்கும்.

இனி மணிகள். சுடரில் மணி செய்யும் முறை இதுதான்: களிமண்ணும் அலுமினாவும் கலந்த குழம்பில் தோய்த்து உலர்த்திய மெல்லிய எஃகுக் கம்பியை ஒரு கையிலும், கண்ணாடிக் குச்சியை மறு கையிலும் பிடிக்கிறோம். குச்சியை ஒரேயடியாகச் சுடருக்குள் நீட்டினால் அது தெறிக்கும் என்பதால், ஓரத்தில் காட்டிக் காட்டி உள்ளே கொண்டுபோக வேண்டும். நுனி இளகித் திரண்டதும் அதைக் கம்பியில் சுற்றுகிறோம். அந்த நொடியிலிருந்து மணி இறுகும்வரை கம்பியைச் சுழற்றுவதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாக வழியும். புள்ளியோ பூவோ வைப்பதென்றால் ஒவ்வொரு தொடுதலுக்கும் மணி முழுவதையும் மறுபடி சுடரில் காட்டி ஒரே சூட்டில் வைத்திருக்க வேண்டும். எளிய மணி சில நிமிடங்களில் முடியும். உள்ளே பூ வைத்து மேலே தெளிந்த கண்ணாடி போர்த்திய மணிக்கு அரை மணி நேரம் தாண்டலாம். நூறாவது மணிக்கும் இதே நேரம்தான். இரண்டு கைகளும் ஒரே மணியில் கட்டுண்டு கிடப்பதால், தொட்டிக்குப் பொருந்திய 0.6 அடுக்கு இங்கே கிட்டத்தட்ட 1 ஆகிவிடுகிறது.

முழுக்கவும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சூளைச் செலவு பகிர்ந்துகொள்ளப்படுகிறது. அலங்காரத்துக்கான மெல்லிய கண்ணாடி இழைகளை ஒரே நாளில் மொத்தமாக இழுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘நூறும் ஒன்றுபோல இருக்க வேண்டும்’ என்று நீங்கள் கேட்டவுடன் இந்த மிச்சம் கரைந்துபோகிறது. ஒத்துப்போகாதவை ஒதுக்கப்படுகின்றன, அவற்றுக்குச் செலவான நேரத்தையும் யாரேனும் கொடுத்தாக வேண்டும். எண்ணிக்கை கூடினால் உண்மையாகவே மலிவாகும் கண்ணாடி மணியும் இருக்கிறது. 1291இல் வெனிஸ் குடியரசு தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. அங்கே வளர்ந்த முறைகளுள் ஒன்று, நடுவில் காற்றுக்குமிழ் வைத்த உருகிய கண்ணாடித் திரளை இருவர் எதிரெதிராக நடந்து பல மீட்டர் நீளக் குழலாக இழுத்து, பிறகு துண்டு துண்டாக நறுக்குவது. ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கான சிறு மணிகள் கிடைக்கும். அதுவும் கைவேலைதான். உங்களுக்கு யாராவது மிகக் குறைந்த விலையில் ‘கைவினை மணி’ தருவதாகச் சொன்னால், இழுத்து நறுக்கியதா, அச்சில் அழுத்தியதா, சுடரில் சுற்றியதா என்று கேளுங்கள்.

மூலப்பொருளின் பங்கு பொதுவாகச் சிறியது. நிறம் மட்டும் விதிவிலக்கு. கோபால்ட் நீலத்துக்குச் சிறிதளவு ஆக்சைடே போதும் என்பதால் அந்தக் குச்சி மலிவு. இளஞ்சிவப்பு, மாணிக்கச் சிவப்புக் குச்சிகள் சிலவற்றில் தங்கம் சேர்கிறது. நிறங்களைக் கலப்பதிலும் வரம்பு உண்டு. கண்ணாடிகளின் வெப்ப விரிவு எண் 104, 96, 90, 33 என்று வகைக்கு வகை மாறுகிறது. 104ஐயும் 90ஐயும் ஒரே மணியில் சேர்த்தால் குளிரும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கி, அன்றோ ஒரு மாதம் கழித்தோ விரிசல் விழும்.

விலை அதிகமான மணியில் நீங்கள் கண்ணால் பார்க்க முடியாமல் வாங்குவது பதப்படுத்தலைத்தான். 104 வகை மணியை முடித்தவுடன் 500 முதல் 520 டிகிரி சூளையில் வைத்து, அங்கேயே நிறுத்தி, பிறகு மணிக்கணக்கில் மெல்லக் குளிர்விக்க வேண்டும்; 33 வகையான போரோசிலிகேட் மணிக்கு 565 டிகிரி அளவு வேண்டும். சூடான மணலிலோ வெர்மிகுலைட் என்ற வெப்பம் தாங்கும் கனிமத் துகளிலோ புதைத்து ஆறவிடுவது உடனடித் தெறிப்பைத் தடுக்கும், உள்ளழுத்தத்தை நீக்காது. தெளிந்த கண்ணாடி மணியாக இருந்தால் நீங்களே சோதிக்கலாம்: இரண்டு துருவமுனைப்புத் தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, ஒளி அடைபட்டதும் நடுவில் மணியைப் பிடியுங்கள். அழுத்தம் தங்கிய இடங்கள் வெளிறி ஒளிரும். ஒளிபுகா மணிகளில் இது பயன்படாது. அங்கே சூளை இருக்கிறதா என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

துளையின் வாயைத் தடவிப் பாருங்கள். நன்கு செய்த மணியில் விளிம்பு உள்நோக்கி மடிந்து சிறு குழி போல இருக்கும். கூராக நீட்டிக்கொண்டிருந்தால் அது நூலை அறுத்துவிடும். உள்ளே வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் களிமண் பூச்சைச் சரியாகக் கழுவவில்லை என்று பொருள்; அதைத் தண்ணீருக்குள் வைத்தே சுரண்டுங்கள், உலர்ந்த தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல.

நூறு மணியின் விலையைக் குறைக்க வேண்டுமானால் பேரம் பேசுவதைவிட நிபந்தனையைத் தளர்த்துவது பலன் தரும். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். துல்லியப் பொருத்தத்தைக் காதணிக்கான இணைகளுக்கு மட்டும் கேளுங்கள். தங்கம் சேர்ந்த நிறங்களை அடிக்கண்ணாடியாக அல்லாமல் மேலே வைக்கும் புள்ளிகளாக மட்டும் கேளுங்கள். துளையின் அளவைத் தீர்மானிப்பது மணி சுற்றப்படும் கம்பியின் தடிமன், 1.6, 2.4 மில்லிமீட்டர் கம்பிகள் வழக்கமானவை. நூலில் கோக்கப் போகிறீர்களா, தோல் வாரிலா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.