நீண்ட திரவ விரதத்துக்குப் பின் கால் வீக்கம்: பொடி தேவையா, பரிசோதனை தேவையா?

திருப்பூரிலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப் குழு நடத்தும் ‘வெல்னெஸ் கோச்’ ஒருவரின் பேச்சைக் கேட்டு, 16 நாட்கள் இளநீர், வெண்பூசணிச் சாறு, எலுமிச்சைச் சாறு, நீர்மோர் ஆகியவற்றை மட்டுமே குடித்திருக்கிறார். எடை 84 கிலோவிலிருந்து 75 ஆகக் குறைந்தது. விரதம் முடிந்த அன்றே பொங்கல், வடை, கேசரி சாப்பிட்டிருக்கிறார். நான்காம் நாளில் இரு கால்களும் வீங்கின. மூன்று கிலோ திரும்பிவிட்டது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். ‘நச்சு வெளியேறுகிறது, 7,400 ரூபாய்க்குப் புரதப் பொடி வாங்குங்கள், அடுத்த முறை 40 நாள் இருக்கலாம்’ என்று கோச் சொல்கிறாராம். வாங்கலாமா என்பது அவருடைய கேள்வி.

வாங்க வேண்டாம். இதைப் படித்தவுடன் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ மனக்குழப்பமோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கால் வீக்கத்துக்கும் நச்சுக்கும் தொடர்பில்லை. பட்டினியின்போது உடலில் இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் தாராளமாக வெளியே விடுகிறது. மாவுச்சத்தும் இனிப்பும் திரும்ப வந்தவுடன் இன்சுலின் ஏறி, அதே சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கிறது. கூடவே, கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்து சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்கிறது. ஆகவே போன ஒன்பது கிலோ முழுவதும் கொழுப்பல்ல, வந்த மூன்று கிலோவும் கொழுப்பல்ல. இந்த வீக்கம் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும்.

என் கவலை அந்தப் படபடப்பைப் பற்றியது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால், இரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்துவிடும். தயமின் என்ற பி1 வைட்டமினும் தீர்ந்துபோகும். இதயத் துடிப்பு தடம் மாறுவது இதனால்தான். இரண்டாம் உலகப் போரின் முடிவில், முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு வயிறு நிறைய உணவு கொடுத்தபோதே இந்த ஆபத்து மருத்துவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாட்களுக்கு மேல் ஏறத்தாழ உணவே இல்லாமல் இருந்தவருக்கு, எடையில் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேற்படாமல் தொடங்கி, நான்கு முதல் ஏழு நாட்களில் மெல்லக் கூட்ட வேண்டும் என்று பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. உங்கள் எடைக்கு அது முதல் நாள் முழுவதற்குமே அதிகபட்சம் 750 கலோரிதான்: கொஞ்சம் பருப்புக் கஞ்சி, ஓரிரு இட்லி, தயிர் என்று பிரித்துச் சாப்பிட வேண்டிய அளவு. தயமின் மாத்திரையை முதல் கவளத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். விரதம் இருக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் அதை முடிக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை, ஏனென்றால் கட்டணம் அதற்கு முன்பே வசூலாகிவிடுகிறது.

ஆய்வகத்தில் ‘எலக்ட்ரோலைட்’ (இரத்தத்தில் உள்ள உப்புகளின் அளவு) என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பாஸ்பேட்டும் மெக்னீசியமும் அதில் இருக்காது. பெயர் சொல்லிக் கேளுங்கள். முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு என்று எத்தனையோ அளவுகளை அடுக்கி விற்பவர்கள், பட்டினி கிடந்த மனிதருக்கு முதலில் பார்க்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். மருத்துவரோ மூன்று நிமிடத்தில் அடுத்த நோயாளியை அழைக்கிறார். மக்கள் வாட்ஸ்அப் கோச்சிடம் போகாமல் வேறு எங்கே போவார்கள்?

உங்கள் சர்க்கரை மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் மருந்து இருந்தால், இத்தகைய விரதம் உங்களுக்கு அறவே கூடாது. காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு இம்மருந்தை ஏராளமானோர் எடுக்கிறார்கள். மெட்ஃபார்மினுடன் ஒரே மாத்திரையாகக் கலந்தும் வருவதால், எடுப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். பட்டினியுடன் இது சேர்ந்தால், கொழுப்பு கரையும்போது உருவாகும் கீட்டோன் என்ற பொருள் தேங்கி இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். ஆனால் குளூக்கோமீட்டரில் சர்க்கரை 150, 180 என்று சாதாரணமாகவே காட்டும் என்பதால், வாந்தியும் வயிற்றுவலியும் வேகமான மூச்சும் வந்தாலும் ‘சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று வீட்டிலேயே படுத்திருப்பார்கள். அந்த நிலையில் கீட்டோன் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். இருதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ இதே மருந்தை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இனிப் பொடிக்கு வருவோம். டப்பாவில் உள்ள 14 இலக்க உரிம எண், உணவுப் பொருள் விற்க அனுமதி உண்டு என்பதை மட்டுமே காட்டுகிறது. எந்த நோயையும் தீர்க்கும் என்பதற்கு அது சான்றல்ல. சர்க்கரை நோயையும் உடல் பருமனையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே ஒரு மத்தியச் சட்டம் தடுத்திருக்கிறது. அது புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. விளம்பரமும் உங்கள் கைப்பேசியில் பத்திரமாக இருக்கிறது. கோச்சிடம் என்ன படித்தார் என்று கேளுங்கள். இயற்கை மருத்துவத்தில் ஐந்தரை ஆண்டுப் பட்டம் பெற்று, உள்நோயாளியாக வைத்துக் கவனிப்பவர் வேறு. வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிக்கொண்டு, மேலே இருப்பவருக்குக் கமிஷன் அனுப்புபவர் வேறு.

ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் 382 நாட்கள் உண்ணாமலிருந்த கதையையும் உங்கள் கோச் சொல்வார். அங்கஸ் பார்பியரி 1965இல் விரதத்தைத் தொடங்கியபோது அவர் எடை 207 கிலோ. டண்டீ மருத்துவமனையின் கண்காணிப்பில் வைட்டமினும் பொட்டாசியமும் பெற்றுக்கொண்டிருந்தார். அதே அளவுக்குச் சொல்லப்பட வேண்டிய இன்னொரு கதையும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனிலிருந்து எடுத்த திரவப் புரதத்தை மட்டுமே குடித்து எடை குறைத்தவர்களில் பல டஜன் பேர் இறந்தார்கள். பலருக்கு இதயத் துடிப்பே தடம் மாறியிருந்தது. அவர்கள் குடித்ததும் ‘புரதம்’தான்.

உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 62 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் கிடைக்கும். பருப்பும் சுண்டலும் மீனும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அந்த 16 நாளும் நீங்கள் குடித்த நீர்மோரில் புரதம் என்று சொல்லத்தக்க அளவு இல்லை. புரதத் தேவைக்கு உடல் தன் தசையைத்தான் எடுத்துச் செலவழித்தது. ஆகவே 40 நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பொடிக்கு முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதையும் ‘நச்சு வெளியேறுகிறது’ என்ற செய்தியையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் ஈ.சி.ஜி.யை எடுத்துவிடுங்கள்.