ரிப்பீட்டர் அதிர்வெண்ணும் மேல்முறையீடும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் ஹேம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் ரிப்பீட்டர் பற்றி, அதாவது ஒரு அதிர்வெண்ணில் கேட்பதை இன்னொன்றில் மறுபடி அனுப்பும் நிலையம் பற்றி, அனுப்பிய கேள்விகள் இவை. ரிப்பீட்டர்களுக்கு அதிர்வெண் பரிந்துரைக்கும் ஒரு வட்டார ஒருங்கிணைப்புக் குழுவில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். விண்ணப்பங்களைப் பரிசீலித்திருக்கிறேன், மேல்முறையீடுகளையும் கேட்டிருக்கிறேன். எந்த ரேடியோ வாங்கலாம், எந்த ஆன்டெனா நல்லது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (ஷார்லட், நார்த் கரோலினா): சார், டெக்னீஷியன் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். 2 மீட்டர் பட்டையில் ஒரு ரிப்பீட்டர் போட ஆசை. எஃப்சிசியிடம் (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) தனி அனுமதி வேண்டுமா? ஒருங்கிணைப்பு இல்லாமல் போட்டால் சட்டவிரோதமா?

பதில்: தனி அனுமதி வேண்டாம். டெக்னீஷியனும் அதற்கு மேல் உள்ளவர்களும் தங்கள் நிலையத்தை ரிப்பீட்டராக இயக்கலாம். ஒருங்கிணைப்பு இல்லாததாலேயே அது சட்டவிரோதம் ஆகிவிடாது. இந்தப் பாதியைக் கேட்டுவிட்டு உடனே டவர் ஏறுகிறவர்கள் அதிகம். மீதிப் பாதியையும் கேளுங்கள்.

எஃப்சிசி விதிகளில் 97-ஆம் பகுதிதான் நமக்கானது. அதில் 97.205 ரிப்பீட்டர் பற்றியது. அதன் 'சி' உட்பிரிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ரிப்பீட்டர் இன்னொன்றுக்குத் தீங்கான குறுக்கீடு செய்தால், அதைத் தீர்க்கும் பொறுப்பு இரண்டு உரிமையாளர்களுக்கும் சமமாகவும் முழுமையாகவும் உண்டு. ஆனால் ஒன்றுக்கு ஒருங்கிணைப்பாளரின் பரிந்துரை இருந்து, மற்றதற்கு இல்லை என்றால், முதன்மைப் பொறுப்பு பரிந்துரை இல்லாதவருடையது.

ஒருங்கிணைப்பின் பலம் முழுவதும் இந்த உட்பிரிவில்தான் இருக்கிறது. பிரச்சினை வராத வரைக்கும் உங்கள் ரிப்பீட்டர் சட்டப்படிதான் ஓடும். வந்த அன்றைக்கு பவரைக் குறைப்பதோ, ஆன்டெனாவை மாற்றுவதோ, அலைவரிசையை விட்டு இறங்குவதோ உங்கள் வேலை, உங்கள் செலவு. டவர் வாடகையும் டூப்ளெக்ஸரும் (ஒரே ஆன்டெனாவில் கேட்கவும் அனுப்பவும் உதவும் வடிகட்டி) சேர்த்துச் செலவழித்த பிறகு அந்த நாள் வந்தால் மிகவும் வலிக்கும்.

உங்கள் மாநிலத்தைப் பார்ப்பது செரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்கிழக்கு ரிப்பீட்டர் சங்கம். அதன் கையில் எட்டு மாநிலங்கள் இருக்கின்றன. முதலில் அவர்களுக்கு எழுதுங்கள்.

கேள்வி (சான் ஹோசே): இந்த ஒருங்கிணைப்பாளர்களை யார் நியமித்தார்கள்? அரசாங்கம் இல்லை, தேர்தலும் இல்லை. எதற்காக இவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. எஃப்சிசி யாரையும் நியமிக்கவில்லை. அமெரிக்க ஹேம்களின் தேசியச் சங்கமான ஏஆர்ஆர்எல்-லும் ஒருங்கிணைப்பாளர் இல்லை. 97.3-இல் உள்ள வரையறைப்படி, ரிப்பீட்டர் வைக்கத் தகுதியுள்ள அந்த வட்டாரத்து ஹேம்கள் அங்கீகரிக்கிற அமைப்பே ஒருங்கிணைப்பாளர். அதாவது, அதிகாரம் கீழிருந்து வருகிறது. உங்கள் பக்கம் நார்க், தெற்கே 2 மீட்டருக்கு டாஸ்மா, மேல் பட்டைகளுக்கு ஸ்கிர்பா என்று ஒரே கலிஃபோர்னியாவுக்குள் பல அமைப்புகள் இருப்பதற்கு இதுவே காரணம்.

அவர்கள் தருவது பரிந்துரை. அதிர்வெண்ணை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை, கொடுக்கவும் முடியாது. எந்த அதிர்வெண்ணும் எந்த நிலையத்துக்கும் தனி உரிமையாக ஒதுக்கப்படாது என்று 97.101 தெளிவாகச் சொல்கிறது. 'என் அதிர்வெண்' என்று பேசுகிறவர்கள், இருபது வருடம் ஓட்டியவர்களாகவே இருந்தாலும், இந்த வரியை ஒருமுறை படிக்க வேண்டும். அமைப்பு சரியில்லை என்று நினைத்தால் உறுப்பினராகுங்கள், கூட்டத்துக்குப் போங்கள், வாக்களியுங்கள். வெளியே நின்று திட்டினால் ஒன்றும் மாறாது.

கேள்வி (டென்வர்): அண்ணா, ஒரு மாதமாக ஸ்கேனரில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2 மீட்டரில் ஒரு ஜோடியில் (ரிப்பீட்டரின் உள்ளீடு, வெளியீடு என்ற இரண்டு அதிர்வெண்கள்) சத்தமே இல்லை. காலியாகத்தானே இருக்கிறது, ஏன் தர மாட்டேன் என்கிறார்கள்?

பதில்: இதே கேள்வி பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரு முறை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் உட்கார்ந்து நீங்கள் கேட்பது ஒரு ரிப்பீட்டரின் வெளியீட்டை மட்டும்தான். 146.94 மெகாஹெர்ட்ஸ் வெளியீடு என்றால் அது கேட்பது 600 கிலோஹெர்ட்ஸ் கீழே, 146.34-இல். சண்டை பெரும்பாலும் அந்த உள்ளீட்டுப் பக்கத்தில்தான் வரும். மலை உச்சியில் இருக்கும் ஆன்டெனாவுக்குக் கேட்கும் தூரம் உங்கள் கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவுக்குக் கேட்காது. இரண்டு மலைகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் 50 வாட் மொபைலில் ஒருவர் பட்டனை அழுத்தினால் இரண்டு ரிப்பீட்டர்களும் சேர்ந்து திறக்கும். உங்கள் ஸ்கேனர் அதைக் காட்டாது.

அதனால்தான் குழு உங்கள் காதை நம்புவதில்லை, கணக்கை நம்புகிறது. ஆன்டெனா நிற்கும் இடத்தைச் சுற்றி எட்டுத் திசைகளில், 3 முதல் 16 கிலோமீட்டர் வரையிலான நிலத்தின் சராசரி உயரத்தை எடுத்து, அதற்கு மேல் ஆன்டெனா எவ்வளவு உயரம் என்று பார்ப்போம். அதோடு கதிர்வீச்சுத் திறனைச் சேர்த்தால் அலை எவ்வளவு தூரம் போகும் என்று வரைபடத்தில் கோடு போட்டுவிடலாம். ஒரே அதிர்வெண்ணில் உள்ள இன்னொரு ரிப்பீட்டரின் கோட்டை அது மிதிக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. பக்கத்து அலைவரிசைக்கும் தனிக் கணக்கு உண்டு. சில மாநிலங்கள் 2 மீட்டரில் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வைக்கின்றன, சில 20 வைக்கின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லையோரத்தில் அலைவரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. எனக்கு வந்த மிகக் கடினமான விண்ணப்பங்கள் அந்த எல்லைகளிலிருந்து வந்தவைதான்.

கேள்வி (ஹூஸ்டன்): 70 சென்டிமீட்டரில் ஒரு ஜோடி காலியாக இருப்பது போலத் தெரிகிறது...

பதில்: மேலே சொன்னதே. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 5 மெகாஹெர்ட்ஸ். மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை.

கேள்வி (கொலம்பஸ்): பக்கத்து ரிப்பீட்டர் 100.0 டோன் வைத்திருக்கிறது. நான் 123.0 வைத்துக்கொண்டால் அதே ஜோடியில் இரண்டு பேரும் ஓட்டலாமே?

பதில்: கூடாது. இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். டோன் என்பது குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய ஒலி; அது ரிசீவரின் கதவை மட்டும்தான் திறந்து மூடுகிறது. காற்றில் இரண்டு சிக்னல்கள் மோதுவதை அது தடுக்காது. பலவீனமான சிக்னலோடு பேசும் உங்கள் ஆளை அந்தப் பக்கத்து வலுவான மொபைல் அமுக்கிவிடும். உங்களுக்குக் கேட்பதெல்லாம் அறுந்து அறுந்து வரும் பேச்சுதான், காரணமும் புரியாது. போதிய தூரம் உள்ள இரண்டு ரிப்பீட்டர்களுக்கு நடுவே தொல்லையைக் குறைக்க டோன் நல்ல கருவி. தூரத்துக்குப் பதிலாக அதை வைக்க முடியாது.

கேள்வி (ராலே): என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யப் போகிறேன். எப்படி எழுதுவது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முதலில், நிராகரிப்பை எழுத்தில் காரணத்தோடு கேட்டு வாங்குங்கள். 'இடமில்லை' என்பது காரணம் ஆகாது. எந்த ரிப்பீட்டரோடு மோதுகிறது, எத்தனை மைல் குறைகிறது, எந்தக் கொள்கைப்படி என்று இருக்க வேண்டும். அந்த அமைப்பின் கொள்கை ஆவணத்தை முழுவதும் படியுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும். அது ஊருக்கு ஊர் மாறும், தவறவிட்டால் கதை முடிந்தது. பெரும்பாலும் முதல் படி அந்தப் பகுதி ஒருங்கிணைப்பாளரிடமே மறுபரிசீலனை, அடுத்த படி குழு அல்லது இயக்குநர் அவை.

இரண்டாவது, எதை வாதிடுவது. மேல்முறையீட்டில் எடுபடுபவை இரண்டுதான்: கணக்கு தவறு, அல்லது நடைமுறை தவறு. நான் பார்த்ததிலேயே நல்ல மேல்முறையீடு மிகச் சின்னது. முதல் பக்கத்தில், எங்கள் ஆள் டவரின் தரைமட்ட உயரத்தை அடி என்பதற்குப் பதில் மீட்டராக எடுத்துவிட்டார் என்று விண்ணப்பித்தவர் சுட்டிக்காட்டியிருந்தார். அடுத்ததில் திருத்திய வரைபடம், அதற்கடுத்து மோதும் என்று சொல்லப்பட்ட ரிப்பீட்டர் உரிமையாளரின் சம்மதக் கடிதம். கடைசி வரியில், தேவைப்பட்டால் அந்தத் திசையில் சிக்னலைக் குறைக்கும் ஆன்டெனா போடவும் தயார் என்று எழுதியிருந்தார். குழுவில் எதிர்த்துப் பேச யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை, ஜோடி கிடைத்தது.

எடுபடாதவற்றையும் சொல்கிறேன். 'நான் எவ்வளவு காலம் ஹேம் தெரியுமா', 'கருவி ஏற்கெனவே வாங்கிவிட்டேன்', 'அவருக்கு மட்டும் கொடுத்தீர்களே' எல்லாம் வீண். கடைசிதான் கொஞ்சம் நெருக்கமானது. ஒரே கொள்கையை இருவருக்கு இரண்டு விதமாகப் பயன்படுத்தியிருந்தால், இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அப்போது அது நடைமுறைத் தவறு ஆகிவிடும்.

கேள்வி (அதே நண்பர்): அவர்களும் மறுத்துவிட்டால் எஃப்சிசிக்குப் போகலாமா?

பதில்: பரிந்துரை தரச் சொல்லி எஃப்சிசியிடம் கேட்க முடியாது. அது தனியார் அமைப்பின் பரிந்துரை. எஃப்சிசி குறுக்கீட்டைப் பார்க்கும், இந்தக் கோப்பைப் பார்க்காது.

கேள்வி (டேட்டன்): நான் கேட்கும் ஜோடியை வைத்திருப்பவரே அந்தப் பகுதி ஒருங்கிணைப்பாளர். அவர் எப்படி நியாயமாக முடிவு சொல்வார்?

பதில்: சொல்லக் கூடாது, விலகிக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்திலேயே இதைக் குறிப்பிட்டு வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வந்த பிறகு குறை சொன்னால் பலம் பாதியாகிவிடும்.

கேள்வி (ஊர் சொல்ல விரும்பாதவர்): டவர்காரர் வாடகையை ஏற்றியதால் என் ரிப்பீட்டர் இரண்டு வருடமாக நிற்கிறது. இப்போது ஒருங்கிணைப்பை ரத்து செய்யப்போவதாக நோட்டீஸ். இத்தனை வருடம் சொந்தக் காசில் ஊருக்காக ஓட்டியவனுக்கு இதுதான் மரியாதையா?

பதில்: உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் குழு செய்வது சரி. ஓடாத ரிப்பீட்டரைக் குறுக்கீட்டிலிருந்து காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. காகிதத்தில் மட்டும் இருக்கும் ரிப்பீட்டர்கள்தான் பெருநகரங்களில் 2 மீட்டரை அடைத்து வைத்திருக்கின்றன. கெடுவுக்குள் பதில் எழுதுங்கள். புதிய இடம் பார்த்தாயிற்றா, எந்தத் தேதியில் ஓடும் என்று சொல்லி நீட்டிப்புக் கேளுங்கள். தேதி சொன்னவருக்கு மறுத்த குழுவை நான் பார்த்ததில்லை.

(இந்தப் பதிலுக்குப் பிறகு வந்த கேள்விகள் பெரும்பாலும் இதைப் பற்றியே. மூன்றை மட்டும் எடுக்கிறேன்.)

கேள்வி (அவரே): இது அவசர காலத்துக்கான ரிப்பீட்டர். புயல் வந்தால் போடுவேன். அதற்காக வைத்திருக்கக் கூடாதா?

பதில்: வருடக்கணக்கில் பவர் போடாத கருவி புயல் இரவில் எழுந்து வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். பேட்டரி செத்திருக்கும், கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கும். எல்லாவற்றையும் விட, ஊரில் யார் ரேடியோவிலும் அந்த அலைவரிசை இருக்காது. அவசரத்துக்கு உதவுவது வாரா வாரம் நெட் (ஹேம்கள் குறித்த நேரத்தில் ரேடியோவில் கூடிப் பேசுவது) நடக்கிற ரிப்பீட்டர்தான்.

கேள்வி (சிகாகோ): காத்திருப்போர் பட்டியலில் நான்கு வருடமாக நிற்கிறேன். இவரைப் போன்றவர்களால்தான் இளைஞர்கள் இந்தப் பொழுதுபோக்கை விட்டுப் போகிறார்கள். நான் இன்றைக்கே அந்த ஜோடியில் போட்டுவிடலாம் அல்லவா?

பதில்: கோபம் நியாயம். முடிவு தவறு, தம்பி. ரத்து ஆகும் வரை பரிந்துரை அவருடையதுதான். நாளைக்கு அவர் பவர் போட்டால் 97.205-இன்படி முதன்மைப் பொறுப்பு உங்கள் தலையில் வரும். இரண்டு மூன்று வாரம் வெவ்வேறு நேரங்களில் அந்த ரிப்பீட்டரைக் கூப்பிட்டுப் பாருங்கள். தேதி, நேரம், எங்கிருந்து, எந்த டோன் என்று எழுதி, இன்னும் இரண்டு ஹேம்களிடம் அதே மாதிரி வாங்கி, குழுவுக்கு அனுப்புங்கள். பட்டியலில் நிற்பதை விட இது சீக்கிரம் வேலை செய்யும்.

கேள்வி (பெயரில்லாமல்): யாருக்கும் ஒருங்கிணைப்பு வேண்டாம், முதலில் வந்தவருக்கு முதலில் என்று விட்டுவிட்டால் என்ன?

பதில்: 1970களில் ரிப்பீட்டர்கள் பெருகியபோது ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. சண்டை தாங்காமல் ஹேம்களே கூடி உண்டாக்கியவைதான் இந்த அமைப்புகள். விதியில் அவற்றுக்கு இடம் கிடைத்தது 1980களில். இனி இந்த வாதத்துக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

கேள்வி (சாக்ரமென்டோ): ஒருங்கிணைப்பு பெற்ற 70 சென்டிமீட்டர் ரிப்பீட்டரையே பவர் குறைக்கச் சொன்னார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. அந்தப் பட்டையில் நாம் இரண்டாம் நிலைப் பயனாளர்கள். முதன்மை அரசின் ராடார். 2007-இல் கலிஃபோர்னியாவின் பீல் விமானப் படைத் தளத்திலும் மாசசூசெட்ஸின் கேப் காடிலும் உள்ள பேவ் பாஸ் என்ற ஏவுகணை எச்சரிக்கை ராடார்களுக்குத் தொல்லை என்று சொல்லி, சுற்றியுள்ள ஏராளமான ரிப்பீட்டர்களின் பவரைக் குறைக்கச் சொன்னார்கள். ஒருங்கிணைப்புக் கடிதம் இன்னொரு ஹேம் ரிப்பீட்டருக்கு எதிராகத்தான் பேசும். முதன்மைப் பயனாளரிடம் அதற்கு மதிப்பில்லை, அங்கே மேல்முறையீடும் இல்லை.

கேள்வி (சியாட்டில்): வீட்டில் டிஜிட்டல் ஹாட்ஸ்பாட் (ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் சின்னக் கருவி). 435 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எங்காவது வைத்துக்கொள்கிறேன், சரியா?

பதில்: வேண்டாம். 435 முதல் 438 வரை செயற்கைக்கோள்களுக்கானது. ரிப்பீட்டருக்கு அங்கே தடையே உண்டு. உங்கள் சின்னக் கருவி பக்கத்து வீட்டில் விண்வெளி நிலையத்தின் 437.800-ஐக் கேட்க முயலும் பையனின் பத்து நிமிடத்தைக் கெடுத்துவிடும். உங்கள் வட்டார அலைவரிசைத் திட்டத்தில் ஹாட்ஸ்பாட்டுக்கு எங்கே இடம் என்று பாருங்கள்.

கேள்வி (சென்னை): இதெல்லாம் நமக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இந்தியாவில் 2 மீட்டர் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான், ரிப்பீட்டருக்கு அனுமதி டெல்லியில் உள்ள மத்திய அரசின் டபிள்யூபிசி அலுவலகத்திடம். உங்கள் ஊர் கிளப்பைக் கேளுங்கள்.

கேள்வி (ஆஸ்டின்): 147-இல் ஒரு ஜோடியில் யாரும் பேசுவதே இல்லை...

பதில்: டென்வர் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): ஒருங்கிணைப்பு பெற்ற ரிப்பீட்டரை மூன்று மைல் தள்ளி வேறு டவருக்கு மாற்றுகிறோம். அதே ஜோடி, அதே பவர். சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம், மாற்றும் முன்பே. உங்கள் பரிந்துரை அந்த இடத்துக்கும் அந்த உயரத்துக்கும் அந்தத் திறனுக்கும் கொடுத்தது. மூன்று மைல் தள்ளினால் நடுவில் ஒரு மேடு விலகி, இதுவரை மறைந்திருந்த பக்கத்து மாநில ரிப்பீட்டர் உங்கள் எதிரே வந்து நிற்கலாம். சொல்லாமல் மாற்றியவர்கள், குறுக்கீடு வந்த அன்று, தங்கள் கடிதம் செல்லாது என்று தெரிந்துகொண்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். புதிய டவரின் ஆயத்தொலைவுகள், தரைமட்ட உயரம், ஆன்டெனா உயரம், கேபிள் இழப்பு, கதிர்வீச்சுத் திறன் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். பக்கத்து அமைப்புகளுக்கு அறிவிப்புப் போய்ப் பதில் வரப் பெரும்பாலும் ஒரு மாதம் ஆகும், எனவே பழைய டவர் ஒப்பந்தத்தை அதுவரை முடித்துக்கொள்ளாதீர்கள்.