பரங்கிக்காய் கூட்டு கஞ்சி மாதிரி ஆகுதா?

தண்டையார்பேட்டையில அஞ்சு பேருக்குச் சமைக்கிறீங்க, கூட்டு குழைஞ்சு தண்ணியாகுது, இனிக்குதுன்னு பசங்க தொடுறதில்லன்னு எழுதியிருக்கீங்க.

பருப்போட சேர்த்து குக்கர்ல மூணு விசில் விடுறதுதான் கோளாறு. பரங்கியில பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணி. பருப்பு வேகுறதுக்குள்ள காய் கரைஞ்சிடும். 100 கிராம் பாசிப்பருப்பைத் தனியா வேகவைங்க. அரை கிலோ பரங்கியை ஓர் அங்குலத் துண்டா நறுக்கி (பிஞ்சுன்னா தோலோடவே), அகலமான சட்டியில அரை டம்ளர் தண்ணியும் மஞ்சள்தூளும் விட்டு மூடுங்க. எட்டு, பத்து நிமிஷத்துல கத்தி நுனி லேசா இறங்கும். உப்பு அப்பதான். முன்னாடியே போட்டா காய் தண்ணி விட்டுடும்.

இனிப்பை அடக்க மிளகும் புளியும் வேணும். கால் மூடி தேங்காய், 2 காய்ஞ்ச மிளகாய், அரை ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம் கெட்டியா அரைச்சு, கோலி அளவு புளியைக் கரைச்சு, பருப்போட சேர்த்து ஒரு கொதி போதும். வெல்லம் பக்கமே போகாதீங்க. நல்லெண்ணெயில தாளிங்க, அதுல கஞ்சத்தனம் வேணாம்: பரங்கியோட பீட்டா கரோட்டின் (உடம்புல வைட்டமின் ஏ-வா மாறுற சத்து) கொழுப்பு இருந்தாத்தான் உடம்புல நல்லா சேரும்.

ஐப்பசி மழையில வெட்டி வெச்ச கீத்து வாங்கினா விதைப்பக்கம் தொட்டுப் பாருங்க. கொழகொழன்னு இருந்தா வேணாம்; அழுகல் அங்கதான் ஆரம்பிக்கும். நல்ல கீத்தானாலும் விதையையும் நாரையும் வழிச்சிட்டுத்தான் ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்.

மீந்த காயை மசிச்சு அடை மாவுல கலக்கலாம். மாவு கெட்டியா இருக்கணும், இல்லன்னா கல்லுல ஒட்டிக்கும்.