ஆம்பளைக்கு ஏது மனநோய்?

கேள்வி: என் கணவர் விசைப்படகுத் தொழிலாளி. உடன் சென்றவர் கண்ணெதிரே கடலில் மூழ்கி இறந்ததிலிருந்து அவருக்கு உறக்கமில்லை, கை நடுங்குகிறது. மருத்துவரிடம் அழைத்தால், "ஆம்பளைக்கு ஏது மனநோய்?" என்கிறார். இந்த எண்ணம் நம் மரபா, வெள்ளைக்காரர் விட்டுச் சென்றதா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் (1837-1901) இங்கிலாந்து மருத்துவர்கள் பலரும் உங்கள் கணவரைப் போலவே கேட்டார்கள். மனக்குலைவு வலிப்பாகவும் நடுக்கமாகவும் உடலில் வெளிப்படுவதற்கு அன்று வழங்கிய ஹிஸ்டீரியா என்ற நோய்ப்பெயர் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கருப்பை இல்லாதவனுக்கு அந்நோய் எவ்வாறு வரும் என்பது அவர்களுடைய வாதம். ஆனால், ரயில் விபத்துகளில் வெளிக்காயமின்றித் தப்பிய ஆண்கள், நாள்கள் சென்றபின் உறக்கம் கெட்டு, உடல் நடுங்கி, வேலைக்குப் போக இயலாமல் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் ஏறினார்கள். முதுகுத்தண்டில் ஏற்பட்ட அதிர்வே இதற்குக் காரணம் என்று ஜான் எரிக்சன் என்ற அறுவை மருத்துவர் 1866இல் எழுத, 'ரயில்வே முதுகெலும்பு' என்ற பெயர் பரவியது. மனம் அஞ்சிவிட்டது என்று சொல்ல நாணிய ஆண்களுக்கு முதுகெலும்பு கைகொடுத்தது என்றே நான் கருதுகிறேன். பேரச்சம் மட்டுமே இவ்வளவையும் செய்யக்கூடும் என்று ஹெர்பர்ட் பேஜ் 1883இல் மறுத்தெழுதினார். அவர் ரயில்வே நிறுவனம் ஒன்றின் மருத்துவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, உடலுழைப்பில் உரமேறிய தொழிலாளர்களுக்கும் ஹிஸ்டீரியா வரும் என்று காட்டினார்.

அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869இல் முன்வைத்த 'நியூரஸ்தீனியா', மிகுந்த உழைப்பால் நரம்பின் ஆற்றல் வற்றிவிட்டது என்று பொருள்பட்டதால், ஆண்கள் கூச்சமின்றி ஏற்கக்கூடிய பெயராயிற்று. நம் ஊர்ச் சுவர்களில் காணும் 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரங்கள் எனக்கு அதையே நினைவூட்டுகின்றன. அவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

மரபைக் கேட்டீர்கள். புறநானூற்றின் 245ஆம் பாடலில், மனைவியைச் சிதையில் இட்டபின்னும் தன் உயிர் போகவில்லையே என்று சேரமான் மாக்கோதை புலம்புகிறான். அரசனின் அந்தப் புலம்பலை இழிவென்று எண்ணாமல் நம் முன்னோர் தொகுத்து வைத்தார்கள். ஆயினும், "பொம்பளப் புள்ள மாதிரி அழாதே" என்று மகனை அதட்ட நமக்கு வெள்ளைக்காரர் கற்றுத்தர வேண்டியிருந்ததில்லை. பழியை முழுவதும் அவர்கள்மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் தீக்கு இரையானதை நம் கரையில் எவரும் மறக்கவில்லை. மனநோய் என்றாலே சங்கிலிதான் என்ற அச்சம் உங்கள் கணவருக்கு இருக்குமானால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை அடியோடு தடைசெய்திருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். மனநோய் என்ற பேச்சையே எடுக்காமல், உறக்கமின்மையையும் கைநடுக்கத்தையும் மட்டும் மருத்துவரிடம் சொல்லத் தொடங்கினால் போதும். 14416 என்ற, அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். முதல் முறை நீங்களே பேசுங்கள். அவர் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும்.